சாம்பல் புதனுக்கு முந்தின நாள்

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஆராதனை முடியும் தறுவாயில் போதகர் முன்னால் வந்து நின்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, நியாயமான தடை ஏதேனும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார். வழக்கமாக மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். பெண் தலையைக் குனிந்துகொள்வாள். பின்வரிசையில் வாலிபர்கள் வேண்டுமென்றே இருமுவார்கள். எனக்கு ஓலை வாசிக்கப்பட்டபோது எனக்கு எழுபத்து நான்கு வயது. தடை உண்டா என்று போதகர் கேட்டதும் நானே கையைத் தூக்கிவிடுவேனோ என்று பயந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெண்ணுக்கு அறுபத்தேழு. அவர் தலையைக் குனியவில்லை. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து சபை முழுவதையும் திரும்பிப் பார்த்து, யார் தடை சொல்லப்போகிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம் என்பதுபோலச் சிரித்தார். அன்றைக்கு வாலிபர்கள் இருமவில்லை. கைதட்டினார்கள். ஆராதனையில் கைதட்டக் கூடாது என்று மூப்பர் ஒருவர் பிறகு கண்டித்தார்.

நான் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வரைபடம் வரைந்தவன். ஓய்வு பெற்றபின் பெண்டாங் என்ற ஊரில், வயல் ஓரத்தில் ஒரு வீட்டில் இருக்கிறேன். வாசற்கதவிலிருந்து கேட் வரைக்கும் இருபத்திரண்டு எட்டு. மழை நாளில், வழுக்குவதால், இருபத்தைந்து. இப்படி எண்ணுவது எனக்குப் பெருமை இல்லை, பழக்கம். எண்ணி வைத்தால் அடுத்து வருவது என்னை ஏமாற்றாது என்று ஒரு நம்பிக்கை. அதைத்தான் வெகு காலம் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைசி நாட்களில் ஒரு பிற்பகல், அவள் கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நான் மருந்துத் தண்ணீர் சரியான வேகத்தில் இறங்குகிறதா என்று சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். “ஒரு நிமிஷம்” என்றேன். அந்த நிமிடத்தில் பத்தொன்பது சொட்டு விழுந்தது. எண்ணி முடித்துத் திரும்பியபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். விழித்தபின் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டேன். மறந்துவிட்டேன் என்றாள். பத்தொன்பது என்ற எண் மட்டும் என்னிடம் இருக்கிறது.

நான் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவன். ஞாயிறு தவறியதில்லை. ஆனால் என் ஜெபம் எல்லாம் அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பம் போலத்தான் இருக்கும். நாளை, அடுத்த வாரம், வரும் மழைக்காலம், முழங்கால், கண், கூரை, சபையின் மின்விசிறி என்று வரிசையாகப் போகும். ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள். அதில் ஒன்றுகூட அன்றைய தினத்தைப் பற்றியது இல்லை.

இந்த மணப்பெண் எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வர ஆரம்பித்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு. குருண் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால் மரம் வெட்டியவர். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபின், பக்கத்தில் மகள் வாங்கிக் கொடுத்த சிறிய வீட்டில் இருந்தார். முதல் வெள்ளிக்கிழமை அவரை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றார்.

“ஆண்டவரே, இன்னைக்கு விடிஞ்சிச்சு. முட்டி வலிக்கல. காப்பி நல்லாருந்திச்சு. ஸ்தோத்திரம். ஆமென்.”

பதினோரு விநாடி. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மேலும் வரும் என்று காத்திருந்தோம். அவர் உட்கார்ந்து மசால் வடையை எடுத்துக்கொண்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பிறகு போய்க் கேட்டேன். “நாளைக்கு முட்டி வலிச்சா என்ன செய்வீங்க, சிஸ்டர்? அதுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே?”

“நாளைக்கிக் கேட்டுக்கலாம் சார். அவரு எங்க போயிடப் போறாரு?”

“மறந்துட்டா?”

“அவரா, நானா?”

அவரே சொன்னார். “பால் மரத்துல பாருங்க சார், இன்னைக்கி வெட்டுன பால இன்னைக்கே எடுத்தாவணும். நாளைக்கி எடுத்துக்கலாம்னு மரத்துல கட்டுன மங்குலயே விட்டா கட்டியாப் போயிடும். நாளைக்கிப் பாலுக்கும் சேத்து இன்னைக்கே ஆழமா வெட்டுனாலோ, மரம் காயமாயிடும், கங்காணி வேற ஏசுவாரு.” இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. வடை மென்றுகொண்டே சொன்னார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் நாளைக்கென்று சேர்த்துவைத்த மன்னா புழுத்துப்போன கதையை நான் ஐந்து வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தப் புழு என் வீட்டு அலமாரியில் நெளிவதுபோல இருந்தது.

அதன்பிறகு ஜெபம் முடிந்து அவரை வீட்டில் இறக்கிவிடுவது என் வேலையாயிற்று. பதினான்கு மாதம் இறக்கிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை காரிலிருந்து இறங்காமல் உட்கார்ந்துகொண்டு, “சார், நீங்க கேக்கப் போறீங்களா, இல்ல நான் கேக்கட்டுமா?” என்றார். “எதை?” என்றேன். “சரி, அப்ப நானே கேட்டுடறேன்” என்றார்.

நான் சம்மதித்தேன். உடனே கவலைப்படவும் ஆரம்பித்தேன். முதலில் வைத்த நாளை, பெண்டாங்கில் வெள்ளம் வரும் பருவம் என்று தள்ளிப்போட்டேன். இரண்டாவது நாளை, கண் அறுவை முடியட்டும் என்று தள்ளினேன். மூன்றாவது நாளில் தவறே வரக்கூடாது என்று ஒரு பெரிய தாளில் ஏழு கட்டம் போட்டேன். நெல் அறுவடை இயந்திரங்கள் சாலையை அடைக்கும் நாட்கள், பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குத் திரும்புகிறவர்களின் வாகன நெரிசல், ஜொகூரில் இருக்கும் அவர் மகளின் பிரசவம், என் மருத்துவமனை நாட்கள், பாடகர் குழுவின் விடுமுறை, சமையற்காரரின் விடுமுறை. ஏழு கட்டத்திலும் காலியாக ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தது. சீனப் புத்தாண்டு கழிந்து நான்காவது நாள். சிவப்பு மையால் வட்டமிட்டுப் போதகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரசாங்கப் பதிவுக்கான அறிவிப்பும் கொடுத்தாயிற்று. அதற்குரிய இருபத்தொரு நாளும் கழிந்தது. முதல் ஓலை, இரண்டாம் ஓலை வாசித்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு. போதகர் ஓலையை வாசித்தார். தடை இல்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த அறிவிப்பைத் தொடர்ந்தார்.

“வருகிற புதன்கிழமை சாம்பல் புதன். லெந்து காலம் தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு…”

நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். நான் விரலை மடக்கினேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. எங்கள் சபையில் லெந்து என்ற இந்தத் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரைக்கும் மாலையும் கிடையாது, விருந்தும் கிடையாது. இது சபையில் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். நெல் அறுக்கும் இயந்திரத்துக்குக் கட்டம் போட்ட நான் லெந்துவுக்குக் கட்டம் போடவில்லை.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மணப்பெண்தான்.

வெளியே மரத்தடியில் போதகரைப் பிடித்தேன். மூன்று ஊர்களில் மூன்று சபைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் போதகர், முப்பத்தெட்டு வயது.

“நீங்க கவனிச்சிருக்கக் கூடாதா பாஸ்டர்?”

“ஐயா, நீங்க ஏழு கட்டம் போட்டு, சிவப்பு மையில வட்டம் போட்டுக் கொண்டாந்தீங்க. நான் ஏன் எண்ணப் போறேன்? நம்பிட்டேன் லா.”

“நீங்கதானே பாஸ்டர்!”

“பாஸ்டர்தான் ஐயா. காலண்டர் இல்ல.” அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “மூப்பர்மாருங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு, செவ்வாய்க்கெழமைக்குள்ள முடிச்சிடணும். இல்லன்னா ஈஸ்டருக்கு அப்புறம். நாளைக்கி எனக்கு வேற ஊருல அடக்க ஆராதனை இருக்கு. செவ்வாய் காலைல பத்து மணின்னா வந்துடுவேன்.”

செவ்வாய் என்றால் நாளை மறுநாள். அதுவும் சீனப் புத்தாண்டு. எந்த நெரிசலுக்குப் பயந்து சனிக்கிழமையைத் தேடிப் பிடித்தேனோ, அதே நாள். மறுபக்கம் கணக்குப் போட்டேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பத்தாறு நாள். மகளின் பிரசவம் ஈஸ்டரை ஒட்டி வருகிறது. பிறகு நாற்பத்து நான்கு நாள் பத்தியம். அவர் ஜொகூரில் இருந்தாக வேண்டும். எல்லாம் முடிய ஜூன் மாதம் ஆகிவிடும்.

“அப்ப ஜூன்லயே வெச்சுக்கலாம்” என்றேன். “நிதானமா, எல்லாத்தையும் சரி பார்த்து…”

இதற்குள் பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டு நின்ற மணப்பெண் சிரிப்பை நிறுத்தினார். அவர் சிரிப்பு நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“சார், வெள்ளத்துக்கு ஒரு தடவ தள்ளுனீங்க. கண்ணுக்கு ஒரு தடவ தள்ளுனீங்க. ஜூன்ல வேற ஒண்ணு வரும். செவ்வாக்கெழம காலைல நான் சர்ச்சுல இருப்பேன். நீங்களும் இருந்தா கல்யாணம். இல்லாட்டி இடத்தக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிடறேன். அப்பறம் ஜூன்ல என்னைத் தேடாதீங்க.”

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டுப் பாடகர் குழுப் பெண்களோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அலோர் ஸ்டாரிலிருந்து அக்காவின் போன் வந்தது. எண்பத்தொரு வயது. எங்கள் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பேச்சை அவள் மட்டும்தான் இன்னும் சிந்தாமல் வைத்திருக்கிறாள். தம்பி ஒரு தோட்டத்துப் பெண்ணைக் கட்டுவதா என்று முதலில் ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவள். ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் சமையலறைக்குள் போய் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். அதன்பிறகு அக்கா என்னிடம்தான் குற்றம் கண்டுபிடித்தாள்.

“என்னடா தம்பி, நாளைக்கோ?”

“எப்பிடி அக்கா முடியும்? ஒரு நாள்தான் இருக்கு.”

“மோதிரம் இருக்கே?”

“இருக்கு. போன வருஷமே செஞ்சது.”

“நல்ல சட்டை இருக்கே?”

“மூண்டு இருக்கு.”

“சர்ச் ஐயர் வாறாரே?”

“வாறாராம்.”

“பிறகென்னடா இல்லை உனக்கு?”

“ஜூனிலை எண்டால்…” என்று இழுத்தேன்.

“எனக்கு எண்பத்தொண்டு. ஜூன் மாசத்துக்கெண்டு நான் ஒரு சீலைகூட எடுத்து வைக்கிறேல்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆரையாவது பிடிச்சுக் காரிலை வாறன். நீ நிண்டாலும் சரி, நிக்காட்டிலும் சரி, நான் அந்தப் பிள்ளையைப் பாத்திட்டுப் போவன்.” போனை வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் குருணுக்குப் போனேன். ஜூன் என்று உறுதியாகச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் கூடத்தில் நின்று ஒரு கத்தரிப்பூ நிறச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நாற்காலியைக் கண்ணால் காட்டினார். நான் உட்காரவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“எங்க அப்பா எழுபத்தாறுல போனார். அண்ணன் எழுபத்தஞ்சுல. எனக்கு இப்ப எழுபத்து நாலு. கணக்குப்படி பார்த்தா ஒண்ணோ ரெண்டோ வருஷம்தான். உங்களை ரெண்டாவது தடவையும் தனியா விட்டுட்டுப் போயிடுவேன்.”

“யாரு சொன்னா, டாக்டரா?”

“இல்ல. என் கணக்கு.”

“ஒங்க கணக்குதான சார் லெந்து காலத்துல கல்யாணம் வெச்சிச்சு?”

இஸ்திரிப் பெட்டி சேலையின் ஓரத்தில் போய்த் திரும்பியது. சிரிப்பில் என் தோள் குலுங்கியது. மனைவி இறந்த பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “எங்க வீட்டுக்காரரு நாப்பத்தொம்பதுல போனாரு. கணக்குல பாத்தா அவருக்கு இன்னும் நெறைய இருந்திச்சு” என்றார். சொல்லும்போது சிரிப்பு இருந்தது, கண்ணும் நனைந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, திங்கக்கெழம மத்தியானம். இந்த மனுசன் வந்திருக்காரு. சிரிக்கிறாரு. ஸ்தோத்திரம். ஆமென்.”

“நாளைக்கு?” என்றேன்.

“அத நாளைக்கிச் சொல்லுவேன்.”

அந்தச் சிறிய நேரத்தில் கேட்டதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேலே மின்விசிறியின் கிறீச். சூடான துணியின் வாசனை. அடுத்த வீட்டில் யாரோ தேங்காய் உடைத்த சத்தம். அவர் கைச்சூடு. எழுபத்து நான்கு வருடமாக, தேவன் எங்கும் இருக்கிறார் என்று அறிக்கை செய்துவந்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் தேவன் இருந்தார் என்று சாட்சி சொல்ல எனக்குத் துணிவு உண்டு. ஏனென்றால் அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அதற்கு முன்பெல்லாம் அவர் வந்தபோது நான்தான் வேறெங்கோ, அடுத்த மாதத்தில், இருந்திருக்கிறேன்.

“நாளைக்குப் பத்து மணிக்கு” என்றேன்.

“அதான் தெரியுமே” என்றார். “போய்ச் சோத்துக்கு வழி பாருங்க.”

சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்திருந்த சமையற்காரர் குடும்பத்தோடு மலாக்காவில் இருந்தார். குருணில் சீனர் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இறக்கிக்கொண்டிருந்தன. பதினேழு கடை தாண்டி நடந்தபிறகு பாயின் சாப்பாட்டுக் கடை மட்டும் திறந்திருந்தது. பெரிய கரண்டியும் கையுமாக அவரே நின்றார்.

“பாய், நாளைக்கு மத்தியானம் ஒரு கல்யாணச் சாப்பாடு.”

“நாளைக்கா! எத்தன பேரு?”

“அறுபத்து மூணு.”

“அறுபதுன்னு வெச்சுக்கவா?”

“அறுபத்து மூணு பாய்.”

“சரி, சரி. நெய்ச்சோறு, கோழி, தால்ச்சா, அச்சார். போதுமா? சூசா இல்ல, செரமமில்ல. வியாழக்கெழம எங்களுக்கு நோன்பு, அதுக்கு அப்பறம் கேட்டிருந்தா பகல்ல அடுப்பே எரியாது. இந்த வருசம் பாருங்க, சீனன் பெருநாளு, ஒங்க விரதம், எங்க நோன்பு, மூணும் ஒரே வாசல்ல நெருக்கிட்டு நிக்கிது. மாப்பிள்ள யாரு, ஒங்க பேரனா?”

“நான்தான்.”

கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என் சட்டையில் நெய்க்கை அச்சு ஐந்து விரலும் விழுந்தது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர்களுக்கு அவர் அவர்கள் பாஷையில் விஷயத்தைச் சொல்ல, யார் யாரோ எழுந்துவந்து என் கையைக் குலுக்கினார்கள். ஒருவர் பாதிச் சோற்றில் எழுந்து வந்திருந்தார்.

செவ்வாய் காலை ஐந்தரைக்குப் பெண்டாங்கிலிருந்து புறப்பட்டேன். நெரிசலுக்கென்று நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். சாலையில் ஒரு வண்டி இல்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள் எல்லாம் முந்தின நாளே வீடு சேர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வயல்களுக்கு மேலே பனி. போக்குவரத்து விளக்குகள் அடுத்தடுத்துப் பச்சை. ஒரு சந்திப்பில் சிவப்பு விழுந்தது. அங்கும் நான் மட்டும்தான். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெறும் சாலையைப் பார்த்து, “எனக்குக் கல்யாணம்” என்று சத்தமாகச் சொன்னேன். ஒரு கொக்கு பறந்தது.

ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் குருண் சர்ச்சு வாசலில் நின்றேன். அங்கே அவர் கூட்டிக்கொண்டிருந்தார். பழைய சேலை, தலையில் துண்டு. பால் மரம் வெட்டியவர்களுக்கு நான்கு மணிக்கு மேல் தூக்கம் வராது.

“என்ன சார், பத்து மணின்னுதான சொன்னாங்க?”

“நீங்க?”

“நான் கூட்ட வந்தேன்.”

இரண்டாவது விளக்குமாறு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். எதிர்வரிசைச் சீனக் கடைகளில் இரவு வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் சர்ச்சு வாசல் முழுக்கப் பறந்து கிடந்தது. நான் கல்யாணச் சட்டையோடு கூட்டினேன். நாங்கள் ஒரு மூலைக்குக் கொண்டுசேர்த்ததும் ஜெராய் மலைப் பக்கமிருந்து காற்று ஒரு மூச்சு விட்டது. மறுபடியும் சிவப்பு. மறுபடியும் கூட்டினோம். அடுத்த மூச்சில் படிக்கட்டு ஏறி உள்ளே, நடுப்பாதை வரை போய்விட்டது.

“வெளங்கின மாதிரிதான்” என்று விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். “கம்பளம் விரிச்சாப்பல அழகாத்தான் கெடக்கு. விடுங்க சார்.”

படியில் உட்கார்ந்து அவர் சுடுநீர்க் குடுவையில் கொண்டுவந்திருந்த காப்பியை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம். இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. அதில் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. விடிந்தபோது மலையின் உச்சியில் மேகம் குந்தியிருந்தது. இரண்டு பேருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்து வந்து போயிற்று. பாடகர் குழுப் பெண்கள் வந்து மணப்பெண்ணை இழுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அப்படியே இருந்தோம். அவர்கள் வேலியோரங்களில் பறித்த காகிதப்பூவும் செம்பருத்தியும் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். பூக்கடை மூடியிருந்ததற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்கா ஒன்பதுக்குச் சொன்னபடி வந்து இறங்கினாள். என்னை மேலும் கீழும் பார்த்து, “நிக்கிறாய்தானே?” என்றாள். பிறகு நேரே பெண் இருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து “வடிவா இருக்கிறாய் பிள்ளை” என்று அவள் குரல் கேட்டது.

பத்து மணிக்கு ஆராதனை தொடங்கியது. நாங்கள் எதிரெதிரே நின்றோம். உடன்படிக்கை சொல்லவேண்டிய இடத்துக்குப் போதகர் வந்ததும், எதிர்வரிசையில் சிங்க நடனக்காரர்கள் மேளத்தை அடிக்க ஆரம்பித்தார்கள். அதோடு ஒரு நீளமான பட்டாசுச் சரமும் பற்றிக்கொண்டது. போதகர் புத்தகத்தோடு காத்து நின்றார். சரம் ஓய்ந்தது. வாயைத் திறந்தார். அடுத்த சரம் வெடித்தது. சபை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. மூப்பர் உட்படச் சிரித்தார்கள். கடைசியில் போதகர் சபையைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு, கத்தினார்.

“இன்று முதல்!”

“இன்று முதல்!” என்று நானும் கத்தினேன்.

“நன்மையிலும் தீமையிலும்!”

“நன்மையிலும் தீமையிலும்!”

வறுமை, வியாதி, மரணம் என்று அந்த உடன்படிக்கை வரிசையாகப் போகிறது. கத்திக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். அதெல்லாம் நான் வருடக்கணக்காகப் படுக்கையில் புரண்டு எண்ணிக்கொண்டிருந்தவை. என் பயங்களை யாரோ எனக்கு வெகு காலம் முன்பே சரியான வரிசையில் எழுதி, மேலே ‘இன்று முதல்’ என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். மேளச் சத்தத்தில் அதை வாய்கிழியச் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் வரவில்லை. பசித்தது. அவர் முறை வந்தபோது அவர் கத்தியது தோட்டத்தில் மலைக்கு மலை குரல் கொடுத்த கத்தல். சிங்க மேளக்காரனுக்கே கேட்டிருக்கும். போதகர் எங்களைக் கணவன் மனைவி என்று அறிவித்த அந்த நொடியில் வெடியும் மேளமும் சட்டென்று நின்றுபோய், நாங்கள் சொன்ன “ஆமென்” தெரு முழுக்கக் கேட்டது.

பாயின் நெய்ச்சோறு அறுபத்து மூன்று பேருக்கு வந்தது. எண்பது பேர் சாப்பிட்டிருப்பார்கள். அல்லது தொண்ணூறு. பாய் தானே பரிமாற வந்தவர், சிங்க நடனக்காரப் பையன்கள் வாசலில் எட்டிப் பார்த்ததும் அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். சிங்கத்தின் தலை பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எல்லோரும் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் காரில் உட்கார்ந்தோம்.

“இப்ப எங்க?” என்றேன். அதற்கு மேல் நான் திட்டம் எதுவும் போடவில்லை.

“யான் கடற்கரைக்குப் போவமா? கடல் பாத்து எத்தனையோ வருசமாச்சு.”

போனோம். கடல் உள்வாங்கிப் போயிருந்தது. சேறுதான். பிசாங் கோரெங், வாழைப்பழ பஜ்ஜி, ஒரு பொட்டலம் வாங்கி, அணைமேல் உட்கார்ந்து சேற்றைப் பார்த்துக்கொண்டே தின்றோம். மகளின் பிரசவத்துக்கு நானும் ஜொகூர் வருகிறேன் என்றேன். வந்து என்ன செய்வீர்கள், பிள்ளையின் தும்மலை எண்ணுவீர்களா என்று கேட்டார். எண்ணுவேன் என்றேன். சரி, வாங்க என்றார்.

மறுநாள் புதன். காலை ஏழு மணி ஆராதனைக்கு முதல்முறையாக ஒன்றாகப் போனோம். நேற்றைய பூ ஒன்றும் இல்லை. ஊதாத் துணி விரித்திருந்தார்கள். சிவப்புக் காகிதத்தையும் யாரோ கூட்டிவிட்டிருந்தார்கள். சபை வரிசையாகப் போய் நின்றது. போதகர் சாம்பலில் கட்டைவிரலைத் தோய்த்து, ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு, நீ மண், மண்ணுக்குத்தான் திரும்புவாய் என்று நினைவூட்டிக்கொண்டே வந்தார். முந்தின நாள் எங்கள் கைகளைச் சேர்த்துவைத்த அதே விரல்கள். வருடா வருடம் அந்த வார்த்தையைக் கேட்கும்போது எனக்கு முதுகு சில்லென்றாகும். எத்தனை வருடம் மிச்சம் என்று அங்கேயே ஆரம்பித்துவிடுவேன்.

என் மனைவி எனக்கு முன்னால் நின்றார். குனிந்தார். போதகர் கொஞ்சம் தாராளமாக எடுத்துவிட்டார் போலிருக்கிறது. சாம்பல் நெற்றியிலிருந்து உதிர்ந்து மூக்கின்மேல் குவிந்தது. அவர் அதோடு என் பக்கம் திரும்பினார். நான் பல்லைக் கடித்தேன். முடியவில்லை. சாம்பல் புதன் ஆராதனையில், வரிசையில் நின்றுகொண்டு, வாய்விட்டுச் சிரித்தேன். போதகர் என் நெற்றியில் விரலை வைத்தார். நீ மண் என்று ஆரம்பித்தார். திரும்புவாய் என்ற இடத்தில் அவர் குரல் உடைந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். அன்றைக்கு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பார்க்கவில்லை.

“என்ன சார், என் மூஞ்சில?” என்று கிசுகிசுத்தார்.

“மூக்குல சாம்பல்.”

“ஒங்களுக்குக் காது வரைக்கும் இருக்கு.”

“தொடச்சு விடட்டுமா?”

“பாட்டு ஆரம்பிச்சாச்சு. எந்திரிங்க.”

எழுந்தோம். புறப்பட்ட அவசரத்தில் நான் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக என் காதில் முன்கூட்டிச் சொன்னார். அவர் சொன்ன அடியை மட்டும் நான் பாடினேன். அடுத்த அடி என்னவென்று அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.